பள்ளத்துக்கு அந்தப் பக்கத்துத் தவளை

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில், கல்யாணமாகி இலங்கை மலைநாட்டில் கொட்டகலைப் பக்கம் வந்த புதிதில், மாமியாரோடு மல்லுக்கு நின்று ஒரு தவளையை நம்பிச் சத்தியம் செய்தேன். அந்தத் தவளை என் கட்டைவிரல் நுனியைவிடப் பெரிதில்லை. வீட்டுச் சண்டைக்குள் அது எப்படி வந்தது, வந்து என்ன செய்தது என்று நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சிரிப்பு வரும். சிரித்து முடித்த பிறகு ஒரு பிரமிப்பும் வரும். அந்தப் பிரமிப்பு இத்தனை வயதாகியும் குறையவில்லை.

என் பிறந்த வீடு வட்டகொடைக்கு மேலே ஒரு தோட்டத்தில். மேகம் இல்லாத நாளில், தோட்டத்து ஆட்களின் வரிசை வீடான லயத்தில், புருஷன் வீட்டு வாசலில் நின்றால் எங்கள் மலையின் உச்சிக் காடு கறுப்பாகத் தெரியும். இந்த மலைக்கும் அந்த மலைக்கும் நடுவில் பெரிய பள்ளம். பள்ளத்தில் ஆறு, ஆற்றை ஒட்டி ரயில் பாதை, இரண்டு பக்கமும் ஏறிப் போகிற தேயிலை. கைநீட்டினால் எட்டிவிடும் போல இருக்கும். எட்டாது. அதைப் பார்த்துப் பார்த்தே எனக்கு எரிச்சல் கூடும்.

வேறு வழியில்லாமல் ஊர்ப் பேச்சைப் பேசியே ஆறுதல் தேடினேன். எங்கள் ஊர்த் தண்ணீர், எங்கள் ஊர்க் காமன் கூத்து, எங்கள் அம்மா சுடும் ரொட்டி என்று எதை எடுத்தாலும் அங்கேதான் கொண்டுபோய் முடிப்பேன். கூடக் கொழுந்து பறிக்கிற பெண்களுக்குக் காது புளித்துப் போயிருக்கும். மாமியார் மட்டும் ஒன்றும் சொல்லாமல் வெற்றிலையை மென்றுகொண்டிருப்பார். அவர் பேசாமல் இருந்தால் உள்ளே எதையோ சேர்த்து வைக்கிறார் என்று அர்த்தம். அது எனக்கு அப்போது தெரியாது.

தோட்டத்தில் விடியுமுன் தப்பு மேளம் அடித்துத்தான் ஆட்களை எழுப்புவார்கள். சத்தம் கேட்டதும் எழுந்து பெரட்டுக்களத்துக்கு ஓட வேண்டும். அங்கே வரிசையில் நின்று பேர் கொடுத்தால்தான் அன்றைக்கு வேலை. புருஷன் வீட்டுத் தோட்டத்தில் தப்பு அடிக்கிறவர் என் வீட்டுக்காரர்தான். நல்ல கை. தோலைத் தீயில் வாட்டி அவர் எடுத்து அடித்தால் மேல் லயம், கீழ் லயம் எல்லாம் எழுந்து உட்காரும். அப்படிப்பட்டவரின் பெண்டாட்டி ஒரு நாள் பெரட்டுக்கு வராமல் தூங்கிவிட்டாள்.

தூங்கினேன் என்று சொல்வதும் சரியில்லை. தப்புச் சத்தம் என் காதில் நன்றாக விழுந்தது. ஆனால் பிறந்ததிலிருந்து எங்கள் தோட்டத்து அடியைக் கேட்டு எழுந்த காது அது. எங்கள் ஊரில் மூன்று அடி அடித்து நிறுத்துவார்கள். கொஞ்சம் பொறுத்து மறுபடி மூன்று. இங்கே விடாமல் ஓட்டமாக ஓடும். அரைத் தூக்கத்தில், இது வேறு யாரோ தோட்டத்துத் தப்பு, நமக்கு இல்லை என்று கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டேன். தண்ணீர் பிடிக்க மலை ஊற்றுக் குழாயான பீலிக்குப் போயிருந்த மாமியார், நான் எழுந்து போயிருப்பேன் என்று அப்படியே களத்துக்குப் போய்விட்டார். நான் தலைமுடியை முடிந்துகொண்டு ஓடியபோது கணக்கப்பிள்ளை எல்லோரையும் மலைக்கு அனுப்பி முடித்திருந்தார். "இன்னைக்குப் பேர் இல்ல, வீட்டுக்குப் போ" என்று கையைக் காட்டினார்.

சாயங்காலம் பீலிக்கரையில் அத்தனை பெண்கள் முன்னால் மாமியார் ஆரம்பித்தார்.

"தப்புக்காரன் பொண்டாட்டியே தப்பு கேட்டு எந்திரிக்கல. தோட்டமே வாயப் பொத்திக்கிட்டுச் சிரிக்குது."

"எங்க தோட்டத்துல இப்புடி அடிக்க மாட்டாங்க அத்தை. எனக்குக் காதுல ஏறல."

"ஆமா, அங்க தண்ணி வேற, மண்ணு வேற, ரொட்டி வேற. இப்பத் தப்பும் வேற. தவளையாச்சும் ஒண்ணாக் கத்துதா, இல்ல அதுவும் வேறயா?"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு உச்சந்தலைக்கு ஏறிவிட்டது.

"அதுவும் வேறதான். இங்க உள்ளது கிட்கிட்கிட்டுன்னு மூச்சு விடாமக் கத்துது. எங்க ஊருத் தவளை நிதானமாத்தான் கத்தும். டொக்குன்னு ஒண்ணு, அப்புறம் ரொம்ப நேரம் கழிச்சு இன்னொண்ணு."

"பொய்யா இருந்தா?"

"பொய்யா இருந்தா இனிமே இந்த வீட்டுல எங்க ஊருப் பேச்சையே எடுக்க மாட்டேன். மாரியாத்தா மேல சத்தியம்."

"கேட்டுக்கிட்டீங்கல்ல எல்லாரும்" என்றார் மாமியார். குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு போயே போய்விட்டார்.

அன்றைக்குப் படுத்த பிறகுதான் எனக்கே சந்தேகம் வந்தது. எங்கள் ஊர்த் தவளையை நான் உட்கார்ந்து கேட்டவளா என்ன? மழை நாளில் காட்டோரம் விறகு பொறுக்கும்போது காதில் விழுந்தது, அவ்வளவுதான். அது உண்மையிலேயே நிதானமாகக் கத்தியதா, அல்லது அங்கிருந்த எல்லாமே நிதானமாக இருந்ததாக இப்போது எனக்குத் தோன்றுகிறதா? தோற்றால் அம்மா என்ற பேச்சைக்கூட இந்த வீட்டில் எடுக்க முடியாது. ஊரைப் பார்க்கத்தான் வழியில்லை, பேசவும் வழியில்லை என்றால் நான் என்ன ஆவேன் என்று நினைத்து அழுதேன்.

அந்தச் சமயத்தில் பங்களாவில், தோட்டத்தை நடத்தும் வெள்ளைக்காரரான பெரிய துரையின் அண்ணன் விருந்தாளியாக வந்து தங்கியிருந்தார். காடு காடாக அலைந்து தவளை பிடிப்பதுதான் அவருக்கு வேலை. தோட்டத்தில் எல்லோருக்கும் அவர் தவளைத்துரை. எங்கே எது கத்துகிறது என்று காது கொடுத்துச் சொல்ல ஆள் வேண்டும் என்று என் வீட்டுக்காரரைத்தான் கூட்டிக்கொண்டு போவார். போன இடத்தில் என் வீட்டுக்காரர் எங்கள் வீட்டுச் சண்டையை வேடிக்கையாகச் சொல்லிவிட்டார். துரை சிரிக்கவில்லையாம். மறுநாளே லயத்துக்கு நடந்து வந்துவிட்டார்.

துரைமார் வீட்டு ஆள் லயத்து வாசலில் கவிழ்த்து வைத்த வாளியின் மேல் உட்கார்ந்ததை அன்றைக்குத்தான் பார்த்தோம். முழங்கால் வரை சேறு. காலில் அட்டை கடித்த ரத்தம். துரைமார் பேசும் தமிழில் 'நீங்க' என்ற வார்த்தை கிடையாது. "நீ அந்தத் தவளை மாதிரி கத்து" என்றார். மாமியார் பார்த்துக்கொண்டிருக்க, நான் நாக்கை மேலண்ணத்தில் தட்டி 'டொக்' என்றேன். வெட்கம் பிடுங்கித் தின்றது. அவர் கண்ணை மூடிக் கேட்டார். மறுபடியும் கத்தச் சொன்னார்.

பிறகு பையிலிருந்து இரண்டு புட்டிகளை எடுத்தார். ஒன்றில் இந்த மலைத் தவளை, மற்றதில் எங்கள் மலைத் தவளை. வட்டகொடைப் பக்கமும் முன்னமே போய் வந்திருக்கிறார், வெயில் காலத்தில். அப்போது எதுவும் கத்தவில்லையாம். இரண்டும் ஒரே பழுப்பு, ஒரே கால், ஒரே முதுகு. "கண்ணுக்கு ஒண்ணுதான். நானும் ஒண்ணுன்னுதான் நினைச்சேன். இப்போ சந்தேகம் வந்துது" என்றார். தன் நினைப்பில் ஓட்டை விழுந்ததற்கு ஒரு மனிதர் இவ்வளவு சந்தோஷப்படுவாரா என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. தீபாவளிக்குப் புதுத்துணி வாங்கின பிள்ளை போல முகம் மலர்ந்திருந்தது.

"ஒரே மாதிரி இருக்கிறது எப்புடித் துரை வேறயாகும்?" என்று கேட்டது மாமியார்தான்.

துரை எழுந்து, வாசலில் கிடந்த இரண்டு கொழுந்துக் கூடைகளைக் கவிழ்த்து வைத்தார். நாங்கள் இடுப்பில் கட்டும் படங்குச் சாக்கு இரண்டை வாங்கி, கூடைக்கு ஒன்றாகப் போர்த்தினார். நடுவில் தரையில் இரண்டு சாக்கும் ஒன்றின் மேல் ஒன்று படிந்து கிடந்தது.

"கூடை மலை. சாக்கு காடு. ரொம்பப் பழைய காலம், நல்ல குளிர், நல்ல மழை. காடு கீழே ஆறு வரைக்கும் வந்துது. தவளை இங்கேயும் போகும், அங்கேயும் போகும். எல்லாம் ஒரே ஜாதி." பிறகு இரண்டு சாக்கையும் மெல்ல மேலே சுருட்டினார். கூடைகளின் உச்சியில் மட்டும் ஒட்டிக்கொண்டு நின்றது. நடுவில் வெறும் தரை. "அப்புறம் சூடு வந்துது. பள்ளம் காஞ்சுது. ஈரக் காடு மேலே போச்சு, தவளையும் கூட மேலே போச்சு. கீழே இறங்கினா தோல் காஞ்சு செத்துப் போகும். இந்த மலைக்காரன் அந்த மலைக்காரியைப் பார்க்கவே இல்லே. பாட்டு இங்கே கொஞ்சம் மாறும், அங்கே கொஞ்சம் மாறும். அப்பன் பாடினது மாதிரிதான் மகன் பாடுவான், ஆனா ஒரு துளி வித்தியாசம். அப்படியே ரொம்ப ரொம்பக் காலம். கடைசியில் ரெண்டு பேரையும் பக்கத்துல வச்சாலும், அவன் கூப்பிடுறது அவளுக்குத் தெரியாது. அப்போ ஒரு ஜாதி ரெண்டு ஜாதி ஆச்சு."

"நாங்க வந்து தேயிலை போட்டோமே, அதுனாலயா?"

"இல்லே. தேயிலை நேத்து வந்துது."

எங்கள் தாத்தன் காலத்தில் போட்ட தேயிலையை அவர் நேற்று என்றார். அப்படியானால் அவர் சொன்ன பழைய காலம் எத்தனை பழையது என்று எண்ணிப் பார்த்தேன். என் புத்திக்குப் பிடிபடவில்லை. சாதி என்றால் மனிதன் உட்கார்ந்து பிரித்து வைத்தது என்றுதான் எனக்குத் தெரியும். ஒரு பள்ளம் சும்மா கிடந்தே சாதியை உண்டாக்கும் என்று அன்றைக்குத்தான் கேட்டேன். அதில் மேல் கீழ் என்று எதுவும் இல்லாததும் எனக்குப் பிடித்திருந்தது.

இன்னொன்றும் மனதில் தைத்தது. நமக்கு மலைதான் தடை. பள்ளம் என்றால் பாதை. ரோடும் ரயிலும் பள்ளம் பார்த்துத்தான் போகின்றன. அந்தச் சின்ன உயிருக்கு எல்லாம் தலைகீழ். குளிர்ந்த உச்சிதான் அதற்கு ஊர், பள்ளம்தான் கடல். நாங்கள் தீவு என்றால் இலங்கை ஒன்றுதான் என்று நினைத்துக்கொண்டிருக்க, எங்கள் கண்ணெதிரே ஒவ்வொரு மலை உச்சியும் ஒரு தீவாக நின்றுகொண்டிருந்தது.

ஆனால் துரை எனக்குச் சாதகமாகச் சொல்லிவிட்டார் என்று நான் நிமிர்வதற்குள் அவரே வாரிவிட்டார். குளிர் கூடினால் தவளை மெதுவாகக் கத்துமாம். சூடு வந்தால் வேகமாகக் கத்துமாம். எங்கள் மலை கொஞ்சம் உயரம். "நீ கேட்டது வேற பாட்டா, குளிர்ல பாடின அதே பாட்டான்னு எனக்குத் தெரியாது. நீயும் சொல்ல முடியாது. பொண்ணுதான் சொல்லணும்" என்றார்.

"எந்தப் பொண்ணு?" என்றேன்.

"தவளைப் பொண்ணு" என்றார்.

அடுத்த நாளே அவரும் என் வீட்டுக்காரரும் வட்டகொடைக்கு ரயில் ஏறினார்கள். நான் வரவா என்று கேட்டதற்கு, கொழுந்து கொட்டிக் கிடக்கிற நேரத்தில் என்ன பேச்சு என்று மாமியார் வெட்டிவிட்டார். என் அம்மா கையால் சாப்பிட்டுவிட்டு, என் ஊர் மழையில் நனைந்துவிட்டு வந்து நின்ற என் வீட்டுக்காரரைப் பார்த்து எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கையில் பாசி வைத்த தகர டப்பா. அதற்குள் எங்கள் ஊர் ஆண் ஒன்றும் முட்டை சுமந்த பெண் ஒன்றும். எத்தனையோ காலமாக அவற்றின் வம்சம் தாண்டாத பள்ளத்தை அவை ரயிலில் மூன்றாம் வகுப்பில் தாண்டி வந்திருந்தன.

"அம்மா, இவ சொன்னது சரிதான். அங்க வேற அடிதான்" என்றார் என் வீட்டுக்காரர்.

"பொண்டாட்டி பேச்சுக்குத் தாளம் போட வந்துட்டியா?" என்றார் மாமியார். அதோடு அவர் சாட்சி தள்ளுபடி ஆனது.

ஞாயிற்றுக்கிழமை பகல், பனிமூட்டம் இறங்கியிருந்த நேரம். பங்களாவுக்குப் பின்னால் பூச்சட்டிகள் வைக்கிற கொட்டகையில் துரை இரண்டு தேயிலைப் பெட்டிகளைப் பக்கம் திறந்து ஒட்டி வைத்திருந்தார். நீளமான ஒரு அறை மாதிரி. அடியில் ஈரப் பாசி, மேலே மெல்லிய துணி. ஒரு கோடியில் கம்பிவலைக்குள் இந்த மலை ஆண், மறுகோடியில் எங்கள் மலை ஆண். நடுவில் எங்கள் ஊர்ப் பெண். நான், என் வீட்டுக்காரர், மாமியார், வேடிக்கை பார்க்க வந்த நாலைந்து பெண்கள் எல்லோரும் மூச்சை அடக்கிக்கொண்டு சுற்றி நின்றோம். துரை பூவாளியால் மழை பெய்தது போலத் தண்ணீர் தெளித்தார்.

முதலில் கத்தியது இந்த மலைக்காரன். கிட்கிட்கிட்கிட் என்று ஓட்டமாக ஓடியது. நடுவில் இருந்தவள் தலையைத் திருப்பினாள். அவன் பக்கம் இரண்டு எட்டு வைத்தாள்.

"போகுது பாரு" என்றார் மாமியார்.

இனி ஊர் இல்லை, பேச்சு இல்லை, எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். அவள் நின்றாள். அவன் கத்திக்கொண்டே இருந்தான். அவள் அசையவில்லை. பாசியில் பதிந்து, அந்தச் சத்தம் தனக்கில்லை என்பது போல இருந்தாள். அடுத்த கோடியிலிருந்து சத்தமே இல்லை. எங்கள் ஊர்க்காரன் இடம் மாறின பயத்தில் ஊமையாகிவிட்டானோ என்று பல்லைக் கடித்தேன்.

பிறகு 'டொக்' என்று ஒன்று.

எங்கள் ஊரைவிடச் சூடான கொட்டகை அது. அங்கேயும் அவன் அவசரப்படவில்லை. அவள் உடனே திரும்பினாள். வெகுநேரம் கழித்து இன்னொரு 'டொக்' வந்தபோது தாவ ஆரம்பித்திருந்தாள். நேராக மறுகோடிக்குப் போய் வலையில் ஒட்டிக்கொண்டாள்.

நான் கத்தப் போனேன். துரை கையைக் காட்டி நிறுத்தினார். அந்த மூலையின் இருட்டு அவளுக்குப் பிடித்திருக்கலாம் என்று சொல்லி, ஆண்கள் இரண்டையும் இடம் மாற்றினார்.

"ஒருக்காச் சொன்னவகிட்ட மறுபடியும் எதுக்குத் துரை கேக்குறீங்க?"

"மறுபடி சொன்னாத்தான் சாட்சி" என்றார்.

அவள் மறுபடியும் சொன்னாள். கிட்கிட்காரனுக்குப் பக்கத்திலேயே வைத்தும், அவனை விட்டுவிட்டு அந்தக் கோடிக்குப் போனாள். அதற்குப் பிறகு இந்த மலைப் பெண் ஒன்றை வைத்துப் பார்த்தார். அவள் எங்கள் ஊர்க்காரனை ஏறிட்டும் பார்க்கவில்லை. கிட்கிட் சத்தத்துக்கு ஓடினாள். இரண்டு பெண்களும் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, அவரவர் ஊர்க்காரனிடம் போய் உட்கார்ந்திருந்தார்கள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஒரு பள்ளமும் சொல்லிமுடியாத காலமும் சேர்ந்து செய்து வைத்த வேலை அது. துரை தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். எனக்குக் கண்ணில் தண்ணீர் நிறைந்துவிட்டது. ஜெயித்துவிட்ட சந்தோஷம் கொஞ்சம்தான். நான் ஏங்கி ஏங்கிச் சொன்னது கற்பனை இல்லை என்ற நிம்மதிதான் அதிகம்.

கொஞ்ச நேரத்தில் துரை ஒரு புட்டியை எடுத்துத் திறந்தார். சாராய வாடை அடித்தது. எங்கள் ஊர்ப் பெண்ணை இரண்டு விரலால் எடுத்தார். அப்போதுதான் அவர் என்ன செய்யப் போகிறார் என்று எனக்கு உறைத்தது. துரை வீட்டு ஆளிடம் எப்படிச் சொல்வது?

"அதப் புட்டியில போடாதீங்க துரை."

சொன்னது மாமியார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்து நின்றார்.

"எம் மருமகளுக்காகச் சாட்சி சொன்ன பொண்ணு அது. சாட்சி சொன்னவளக் கொல்லக் கூடாது."

துரை அவரைப் பார்த்தார், கையிலிருந்ததைப் பார்த்தார். "புட்டி இல்லேன்னா எங்க ஊர்ல யாரும் நம்ப மாட்டாங்க. கண்ணுக்கு ஒண்ணுதானே" என்றார்.

"நம்பாட்டிப் போகட்டும். நாங்க நம்புறோம்ல."

அந்த மனிதரை நான் கும்பிடுவேன். அதற்காக எத்தனை காடு அலைந்தார், எத்தனை அட்டைக்கு ரத்தம் கொடுத்தார். அப்படித் தேடிக் கண்டுபிடித்ததைக் கொஞ்ச நேரம் உள்ளங்கையில் வைத்துப் பார்த்துவிட்டு, எங்கள் ஊர் ஆணோடு டப்பாவுக்குள் விட்டு மூடி, என்னிடம் நீட்டினார். புட்டியை அடைத்துப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

மாமியார் என் முகத்தைப் பார்க்காமல் முந்தானையை உதறிச் செருகிக்கொண்டார். "இதக் கொண்டுபோயி அது எடத்துல விட்டுட்டு வரணும். ரெண்டையும். எப்பப் போறே?"

"நீங்க சொல்றப்ப அத்தை."

"நாளைக்கே போறோம். நானும் வாறேன்."

மறுநாள் என் வீட்டுக்காரரையும் சேர்த்து மூன்று பேரும் ரயிலேறினோம். எங்கள் மலையின் உச்சிக் காட்டோரம் போய்ச் சேர்ந்தபோது நல்ல பனி. தலையோடு கம்பளியைப் போர்த்திக்கொண்டு மாமியார் குந்தி உட்கார்ந்தார்; டப்பாவை அவரே வாங்கித் திறந்தார். இரண்டும் பாசிக்குள் தாவி எங்கே போயின என்று தெரியவில்லை. நாங்கள் காத்திருந்தோம். என் ஊரைப் பற்றிச் சொல்ல எனக்கு ஆயிரம் இருந்தது. அதோ அந்தப் பாறை, இதோ இந்த ஓடை என்று ஆரம்பித்தேன். அப்போது காட்டுக்குள்ளிருந்து 'டொக்' என்று ஒன்று கேட்டது.

மாமியார் என் கையைப் பிடித்து அழுத்தினார்.

"பேசாத புள்ள" என்றார். "இன்னொண்ணு வரும்."